மொட்டைமாடியில் கழற்றி மாட்டும் பெயிண்ட் பூத்

பைக் டேங்க், சைக்கிள் ஃபிரேம், ஜன்னல் கிரில், ஊரிலிருந்து வந்த பழைய தேக்கு நாற்காலி என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை ஸ்ப்ரே வேலை வருகிற வீட்டுக்கு நிரந்தர அறை தேவையில்லை. அரை மணி நேரத்தில் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி, மாடிப்படிச் சுவரில் சாய்த்து வைக்கிற கூடு போதும். இங்கே சொல்வது 1.8 மீட்டர் அகலம், 2.3 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் உள்ள ஒன்று. பெங்களூரின் அல்சூர், ஸ்ரீராமபுரம் மாதிரி நெருக்கமான தெருக்களில் இருக்கிற சின்ன மாடியிலும் இது உட்காரும். ஆள் உள்ளே நின்று பொருளைச் சுற்றி வர இடம் இருக்கும்.

முதலில் யோசிக்க வேண்டியது ஃபேன். பைப்பும் ஷீட்டும் அதற்குப் பிறகு.

பெரும்பாலோர் எக்ஸாஸ்ட் ஃபேனை வெளியேறும் பக்கம் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச விடுகிறார்கள். இது மூன்று விதத்தில் தவறு. தின்னர் ஆவி முழுக்க மோட்டார் மேலேயே போகிறது. வீட்டு ஃபேன் மோட்டார் தீப்பொறியை உள்ளே அடக்கி வைக்கிற மாதிரி செய்யப்பட்டது இல்லை. பெயிண்ட் பிளேடில் படிந்து, எடை ஒரு பக்கம் கூடி, ஃபேன் ஆட ஆரம்பிக்கும். மூன்றாவது, பூத்துக்குள் உறிஞ்சல் இருந்தால் ஷீட்டின் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் மாடித் தூசி உள்ளே வரும். ஃபேனை நுழையும் பக்கம் வைத்து, ஃபில்டர் வழியாக உள்ளே ஊதினால் மூன்றும் தீரும். மோட்டார் சுத்தமான காற்றில் நிற்கும். உள்ளே அழுத்தம் லேசாகக் கூடி, இடுக்குகளில் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. அந்தக் கசிவில் தின்னர் வாடையும் கொஞ்சம் வெளியே வரும். அதனால்தான் இது மொட்டைமாடிக்கான அமைப்பு. வீட்டு அறைக்குள், மூடிய பார்க்கிங்கில் இதை மாட்டக் கூடாது.

எவ்வளவு காற்று வேண்டும்

பூத்தின் குறுக்குவெட்டு 1.8க்கு 2, அதாவது சுமார் 3.6 சதுர மீட்டர். பறக்கும் பெயிண்ட் மூட்டம் முகத்தருகே தேங்காமல் நகர, காற்று நொடிக்கு கால் மீட்டர் வேகத்திலாவது போக வேண்டும். பெருக்கினால் மணிக்கு 3,200 கன மீட்டருக்கு மேல் வருகிறது. தொழிற்சாலை பூத்துகளில் இதன் இரண்டு மடங்கு வைப்பார்கள். எப்போதாவது அடிக்கிற வேலைக்கு இது போதும். ஃபேன் லேபிளில் இருக்கும் எண் எதிரே தடையே இல்லாதபோது வரும் காற்று. இரண்டு ஃபில்டர்களைத் தாண்டும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் போய்விடும். ஆகவே லேபிளில் மணிக்கு 5,000 கன மீட்டருக்குக் குறையாத 18 அங்குல இண்டஸ்ட்ரியல் ஃபேன் வாங்குங்கள். நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும் ஃபேன் சத்தம் குறைவு, ஆனால் ஃபில்டரை எதிர்த்துத் தள்ளும் பலம் அதற்கு இல்லை. 1,400 சுற்று உள்ளதே சரி. சமையலறைக்கான 12 அங்குல ஃபேன் இந்த அளவுக்குப் பக்கத்திலும் வராது.

இந்தக் கணக்கை அலட்சியம் செய்யாமல் இருக்க இன்னொரு கணக்கையும் பாருங்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கான தின்னரில் முக்கியமான பகுதி டொலுயீன். ஒரு லிட்டர் டொலுயீன் ஆவியானால் 230 லிட்டர் ஆவி. காற்றில் அது 1.2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் நிலை வந்துவிடும். நம் பூத்தின் கொள்ளளவு எட்டு கன மீட்டர் சொச்சம். காற்றோட்டம் இல்லாமல் அரை லிட்டருக்கும் குறைவான டொலுயீன் ஆவியாகிக் கலந்தால், கூடு முழுக்க அந்த நிலையை எட்டும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது என்பதால் தரையில்தான் முதலில் சேரும். காற்று மேலே நுழைந்து எதிர்ப் பக்கம் தரையோரமாக வெளியேற வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

ஃபேன் ஓடும்போது நிலைமை வேறு. நிமிடத்துக்கு 100 மில்லி தின்னர் ஆவியானாலும், கலவை தீப்பிடிக்கும் அளவில் முப்பதில் ஒரு பங்குக்கு அருகில் நின்றுவிடும். ஆனால் அதுவே பத்து லட்சத்தில் 400 பங்கு டொலுயீன். நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு வைத்த வரம்பு 100 பங்கு. ஃபேன் உங்களைத் தீயிலிருந்து காக்கும். நுரையீரலைக் காப்பது மாஸ்க்.

கூடு

ஒரு அங்குல வெள்ளை யு.பி.வி.சி. பைப், ஷெட்யூல் 40, மூன்று மீட்டர் நீளத்தில் ஒன்பது. எலெக்ட்ரிக் வேலைக்கான கண்டியூட் பைப் மலிவுதான், ஆனால் காற்றில் வளைந்துவிடும். மூலைக்கு மூன்று வழி எல்போ தேடி அலைய வேண்டாம். எந்த பிளம்பிங் கடையிலும் கிடைக்கிற சாமான்களோடு முடிகிற மாதிரி இந்த அளவுகள்: எல்போ 6, டீ 8, நான்கு வழி கிராஸ் 4, எண்ட் கேப் 6.

வெட்டும் முறை இப்படி. ஆறு பைப்புகளில் ஒவ்வொன்றிலும் 1.7 மீட்டர், 1.1 மீட்டர், 10 செ.மீ. என்று மூன்று துண்டுகள். அடுத்த இரண்டில் 1.8 மீட்டரும் 1.1 மீட்டரும். ஒன்பதாவதில் ஒரு 1.8 மீட்டர், ஆறு 10 செ.மீ. துண்டுகள், மிச்சம் 60 செ.மீ. பத்திரமாக இருக்கட்டும், வேலை இருக்கிறது. ஹாக்ஸா பிளேடால் வெட்டிய விளிம்பின் பிசிறை எமரி ஷீட்டால் தேய்த்து எடுங்கள். அந்தப் பிசிறுதான் பின்னால் ஷீட்டைக் கிழிக்கும்.

இனி கவிழ்த்த 'ப' வடிவத்தில் மூன்று சட்டங்கள். ஒவ்வொரு காலும் கீழிருந்து: எண்ட் கேப், 10 செ.மீ. துண்டு, டீ, 1.7 மீட்டர் பைப், டீ, 10 செ.மீ. துண்டு, எல்போ. இரண்டு கால்களின் எல்போவையும் 1.8 மீட்டர் பைப் இணைக்கும். நடுச் சட்டத்தில் மட்டும் டீக்குப் பதில் கிராஸ். மூன்று சட்டங்களையும் வரிசையாக நிறுத்தி, டீக்கும் கிராஸுக்கும் நடுவே 1.1 மீட்டர் துண்டுகளைச் செருகினால் கூடு தயார். சட்டத்துக்குள் இருக்கும் இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு 13 மி.மீ. செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ போடுங்கள்; ஸ்க்ரூ போடும் முன் டீயும் கிராஸும் நீளவாக்கில் நேராகப் பார்க்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். நீளப் பைப்புகளுக்கு ஸ்க்ரூவும் வேண்டாம், சொல்யூஷனும் வேண்டாம். அவற்றை உருவினால் மூன்று சட்டங்களும் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று அடங்கும்.

ஷீட் 150 மைக்ரான் தெளிவான பாலிதீன், 8 அடி அகல ரோலில் 11 மீட்டர். கடையில் கிலோ கணக்கில்தான் கொடுப்பார்கள். நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். 6.5 மீட்டரை ஒரே துண்டாக ஒரு பக்கத் தரையிலிருந்து கூரை வழியாக மறுபக்கத் தரைவரை போர்த்துங்கள். இரண்டு பக்கமும் ஓர் அடி தரையில் மடிந்து கிடக்கும். அதன்மேல் மணல் மூட்டையோ செங்கல்லோ வையுங்கள். மீதித் துணுக்குகள் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும். மிஞ்சிய 60 செ.மீ. பைப்பை 5 செ.மீ. துண்டுகளாக்கி, நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கை அறுத்து எடுத்தால் ஷீட்டைப் பைப்போடு கவ்விப் பிடிக்கும் கிளிப் ஆகிவிடும். போதாத இடத்துக்குப் பெரிய பைண்டர் கிளிப். செலோ டேப் ஒட்ட வேண்டாம்; வெயிலில் பசை இளகி, தூசியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

வாசலுக்கு, பக்கச் சுவரில் ஃபேன் பக்கத்துச் சட்டத்துக்கும் நடுச் சட்டத்துக்கும் இடையே மேலிருந்து கீழே ஒரு வெட்டு. அதை மூட ஒரு மீட்டர் அகலத் திரையை உள்பக்கமாகத் தொங்கவிடுங்கள். உள் அழுத்தம் அதைச் சுவரோடு ஒட்ட வைக்கும். ஜிப், கயிறு, கொக்கி எதுவும் வேண்டாம். அவசரத்தில் தோளால் ஒதுக்கிக்கொண்டு வெளியே வர முடிய வேண்டும்.

ஃபில்டர் பக்கம்

கொஞ்சம் பொறுமை தேவைப்படும் பகுதி இதுதான். ஃபேன் வாயை நேராக ஷீட்டில் பொருத்தி, அதன்மேல் ஒரு துணியைக் கட்டினால் வேலைக்காகாது. அவ்வளவு சிறிய பரப்பில் காற்று பீய்ச்சிக்கொண்டு வரும். ஃபில்டர் தூசியைப் பிடிக்காது, பெயிண்டும் பரப்பில் விழுமுன் காய்ந்து சொரசொரப்பாகும். ஃபில்டரின் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது.

அதனால் முன்புறத்தின் மேல் 60 செ.மீ. முழுவதும், 1.8 மீட்டர் அகலத்துக்கு, ஃபில்டர். ஒரு அங்குல மர ரீப்பரில் சட்டம் அடித்து, வெல்ட் மெஷ் இழுத்து, அதன்மேல் ஜி4 தரம் என்று விற்கிற 20 மி.மீ. வெள்ளை பாலியெஸ்டர் ஃபில்டர் துணி. பீண்யா தொழிற்பேட்டை பக்கம் ஏர் ஃபில்டர் விற்கிறவர்களிடம் மீட்டர் கணக்கில் கேட்டுப் பாருங்கள். ஃபோம் வேண்டாம். அது நாள்பட உதிரும், உதிர்வது பெயிண்டில்தான் விழும்.

ஃபில்டருக்கு வெளியே 45 செ.மீ. ஆழமுள்ள காற்றுப்பெட்டி. பின்பலகை 12 மி.மீ. பிளைவுட், 1.8க்கு 0.6 மீட்டர், நடுவில் ஃபேன் அளவுக்கு வட்ட ஓட்டை. பிளைவுட்டுக்கு 2க்கு 2 அங்குல ரீப்பரில் 1.4 மீட்டர் கால்கள் தனியாக. ஃபேனின் எடையையும் அதிர்வையும் பைப் கூடு தாங்காது, தாங்கவும் விடக் கூடாது. பெட்டியின் மேல், கீழ், இரு பக்கங்களுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கடைகளில் கிடைக்கும் 5 மி.மீ. சன்பேக் ஷீட், 8க்கு 4 அடி ஒன்று போதும். ஃபேனுக்கு நேரே 25 செ.மீ. தள்ளி ஓர் அடிச் சதுர சன்பேக் துண்டைத் தொங்கவிட்டால் காற்று நடுவில் மட்டும் பாயாமல் பெட்டி முழுக்கப் பரவும். ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள். வெளி வாயில் கொசுவலை, இலையும் பூச்சியும் தடுக்க.

வெளியேறும் பக்கம் எளிது. பின்புறத்தின் கீழ் 60 செ.மீ., அதே 1.8 மீட்டர் அகலச் சட்டம். அதில் பெயிண்ட் பிடிக்கிற ஃபைபர்கிளாஸ் ஃபில்டர், ஒரு பக்கம் பச்சை ஒரு பக்கம் வெள்ளையாக இருக்குமே அது. திறந்த பக்கம் உள்ளே, நெருக்கமான பக்கம் வெளியே. இது இல்லாமல் அடித்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில்தான் உங்கள் நிறம் தெரியும்.

எல்லாம் மாட்டியதும் ஃபேனைப் போடுங்கள். ஷீட் லேசாக உப்ப வேண்டும். பெயிண்ட், தின்னர் எதுவும் மாடிக்கு வராத நிலையில், ஒரு ஊதுபத்தியை உள்ளே ஃபில்டர் ஓரமாகப் பிடியுங்கள். புகை மறுகோடியை எட்டப் பத்து நொடிக்கு மேல் எடுத்தால் காற்று போதவில்லை. எந்த மூலையிலாவது சுழன்று நின்றால் அங்கே மூட்டமும் நிற்கும். பார்த்து முடித்ததும் பத்தியைத் தண்ணீரில் அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

மாடியில் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து

பெங்களூரில் ஜூனிலிருந்து செப்டம்பர்வரை மேற்குக் காற்று பலமாக அடிக்கும். அப்போது ஃபேன் மேற்கே, வெளியேறும் வாய் கிழக்கே. நவம்பர் முதல் ஜனவரிவரை கிழக்கிலிருந்து வீசும். கூட்டைத் திருப்பிப் போடுங்கள். காற்றுக்கு எதிராக வெளியேற்றினால் ஃபேன் தோற்கும், வெளியே போன ஆவி சுற்றி வந்து ஃபேன் வாயிலேயே நுழையும். நான்கு மூலைகளிலிருந்தும் கைப்பிடிச் சுவருக்குக் கயிறு கட்டுங்கள். இவ்வளவு பெரிய ஷீட் காற்றில் ஒரு கப்பல் பாய் மாதிரி.

வெளியேறும் வாய் தண்ணீர் டேங்க், பக்கத்து வீட்டு ஜன்னல், மாடிப்படி இவற்றைப் பார்க்கக் கூடாது. படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கும் ஆவி முதலில் சந்திப்பது படித் தலைப்பில் வைத்திருக்கும் இன்வெர்ட்டரை, அடுத்து பூஜை விளக்கை, அடுத்து அடுப்பை. படிக் கதவை மூடி, அடியில் ஈரத்துணியைத் திணித்து வையுங்கள்.

வெயில் நேராக விழும் இடத்தில் தெளிவான ஷீட் கூடு அடுப்பு மாதிரி சூடாகும். இரும்பு சூடானால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே மாட்டிய தின்னர் பின்னால் கொப்புளமாக வெடிக்கும். மேலே வெள்ளைத் துணி கட்டி நிழல் செய்யலாம். பச்சை ஷேட் நெட் வேண்டாம். அதன் கீழே நிற்கும்போது நிறத்தைச் சரியாகப் பார்க்க முடியாது.

மேகமூட்டத்தில் விளக்கு தேவைப்பட்டால், 4 அடி எல்.இ.டி. டியூப் நான்கு, ஷீட்டுக்கு வெளியே தனிக் கம்பில் கட்டி, இரு பக்கமும் சாய்வாக. உள்ளே விளக்கு, சுவிட்ச், பிளக், ஃபோன் எதுவும் இருக்கக் கூடாது. சாயங்காலம் விளக்கு போட்டு அடிக்காதீர்கள். ஏப்ரல், மே மாத முதல் மழைக்குப் பிறகு ஈசல் மொத்தமும் ஈரமான கிளியர் கோட்டில் (நிறமில்லாத மேல்பூச்சு) வந்து உட்காரும்.

கரன்ட், கம்ப்ரசர்

ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. மூன்று கோர் ஒயர். இணைப்புக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம், ஏனென்றால் தரை நனைந்திருக்கும். கம்ப்ரசரை ஃபேன் இருக்கும் பக்கத்தில், பூத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி வையுங்கள். அதன் பிரஷர் சுவிட்ச் ஒவ்வொரு முறை விழும்போதும் பொறி வரும். 1 ஹெச்.பி. மோட்டாருக்கு மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் நீளமாக இழுத்தால் ஆரம்பிக்கும்போது வோல்டேஜ் இறங்கி முனகிக்கொண்டு நிற்கும். ஒயரைக் குட்டையாக வைத்து, காற்று ஹோஸை 10 மீட்டர் வாங்குங்கள். ஹோஸ் நீளமானால் காற்று குளிர்ந்து நீர் பிரியும். வாட்டர் செபரேட்டரை கம்ப்ரசரில் மாட்டாமல் ஹோஸின் பூத் முனைப் பக்கம் மாட்டினால் அந்த நீரை அது பிடிக்கும்.

சின்ன கம்ப்ரசரோடு பெரிய எச்.வி.எல்.பி. கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று கேட்கும் வகை) சேராது. பாதி வீச்சில் அழுத்தம் விழுந்து, பெயிண்ட் பொட்டுப் பொட்டாகத் துப்பும். 0.8 அல்லது 1 மி.மீ. நாசில் உள்ள மினி கன் டேங்குக்கும் ஃபிரேமுக்கும் நன்றாகவே பொருந்தும். கையில் பிடிக்கும் எலெக்ட்ரிக் ஸ்ப்ரே கன்னில் கார்பன் பிரஷ் மோட்டார் பொறிவிட்டுக்கொண்டே ஓடும். தின்னர் கலந்த எதையும் அதில் ஊற்றாதீர்கள், தண்ணீர் பெயிண்டுக்கு மட்டும் அது சரி.

இரும்புப் பொருளைச் செம்புக் கம்பியில் தொங்கவிட்டு, அந்தக் கம்பியின் மறுமுனையை எர்த்தோடு சேருங்கள். உலர்ந்த நாளில் பாலிதீனும் வறண்ட காற்றும் சேர்த்துவைக்கும் நிலைமின்சாரம் தூசியையும் இழுக்கும், பொறியும் விடும். மேல் பைப்பில் ஐந்து கிலோவுக்கு மேல் தொங்கவிடாதீர்கள். கனமானதற்குத் தனி ஸ்டாண்ட்.

எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது

ஸ்ப்ரே கேன், என்.சி. பெயிண்ட், சிந்தெட்டிக் எனாமல், தண்ணீர் பெயிண்ட் இவை இந்த பூத்துக்குச் சரி. ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பி.யு. (இரண்டு பகுதி பாலியூரித்தேன்) கிளியரும் பெயிண்டும் கூடாது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சோடு போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு மிகச் சிறிய அளவும் தாக்கும். வாடையை நம்பவும் முடியாது, மாஸ்க் கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது தெரியாமலே உள்ளே போகும். வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடி போட்டுத்தான் அதை அடிக்க வேண்டும். பளபளப்பான 2கே கிளியர் வேண்டுமென்றால் அந்தக் கடைசிக் கோட்டை மட்டும் ஒழுங்கான பூத் வைத்திருக்கும் கடையில் கொடுங்கள்.

மற்றவற்றுக்கு ரப்பர் அரை முகமூடி, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ், அதன்மேல் துகள் ஃபில்டர். கார்ட்ரிட்ஜ் பட்டை அமெரிக்க முறையில் கறுப்பு, ஐரோப்பிய முறையில் பழுப்பு. என்95 தின்னர் ஆவியைத் தடுக்காது. தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டாது. வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜை காற்றுப் புகாத டப்பாவில் மூடுங்கள். வெளியே தொங்கவிட்டால் சும்மா இருக்கும்போதே அது நிறைந்துவிடும்.

அடிக்கும் நாள்

முதலில் ஷீட்டின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, தரையில் தண்ணீர் தெளியுங்கள். தேங்க வேண்டாம், ஈரமாக இருந்தால் போதும். ஃபேனை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பொருளை உள்ளே கொண்டுபோய், டேக் கிளாத்தால் (தூசியை ஒட்டி எடுக்கும் பிசுபிசுப்புத் துணி) கடைசியாக ஒரு தடவை துடையுங்கள். ஸ்வெட்டர், பழைய பருத்தித் துண்டு இவற்றோடு உள்ளே போகாதீர்கள். பெயிண்டில் கிடைக்கும் நூலிழைகளில் பாதி அடிப்பவர் உடையிலிருந்து வருபவை.

கன்னில் ஒரு கப், 250 மில்லி. ஒரு வேளைக்கு மொத்தம் அரை லிட்டர். தின்னர் டின் பூத்துக்குள் வரக் கூடாது. பொருளுக்குப் பக்கவாட்டில், காற்று உங்கள் தோளைக் கடந்து பொருளுக்குப் போகிற மாதிரி நில்லுங்கள். ஃபேன் பக்கத்திலிருந்து தொடங்கி வெளியேறும் பக்கம் நோக்கி அடித்துக்கொண்டு போனால், பறக்கும் மூட்டம் இன்னும் அடிக்காத பகுதியில் விழும், அடுத்த வீச்சு அதை நனைத்துக்கொள்ளும். தலைகீழாகப் போனால் முடித்த இடத்தில் உலர்ந்த தூளாக உட்காரும். இரண்டு பொருள் இருந்தால் காற்றுக்குக் குறுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வேண்டாம். கன் 15 முதல் 20 செ.மீ. தள்ளி, வீச்சு பாதிக்குப் பாதி மேல்விழ, ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே பத்து நிமிடம். கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஃபேன் இன்னும் இருபது நிமிடம் ஓடட்டும்.

நடுவில் கரன்ட் போனால் கன்னை வைத்துவிட்டு உடனே வெளியே வாருங்கள். ஃபேன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நின்ற காற்றில் ஆவி மெல்லப் பின்வாங்கி ஃபேன் பெட்டிக்குள்ளும் வந்திருக்கும், கரன்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பிப்பது அந்த நேரத்தில் கூடாது. திரையை ஒதுக்கி, பின்புற ஷீட்டின் கிளிப்பைக் கழற்றி, கால் மணி நேரம் வெளிக்காற்று ஓடிய பிறகு போடுங்கள்.

பெயிண்டில் தெரியும் குறைகள்

நம் ஊரில் அதிகம் பார்ப்பது வெள்ளை பூப்பது. கறுப்பு என்.சி. அடித்த டேங்க் ஐந்து நிமிடத்தில் பால் தெளித்த மாதிரி மங்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் குளிர்ந்த பரப்பில் பனித்துளி படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. பூத் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைத் தடுக்காது, ஏனென்றால் ஃபேன் அதே ஈரக் காற்றைத்தான் உள்ளே ஊதுகிறது. சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்றை மாடியில் வையுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் என்.சி. அடிக்காதீர்கள். மார்ச் மதியத்தில் 30 அளவுக்கு இறங்கும் அதே ஊரில் ஆகஸ்ட் காலையில் 85ஐத் தாண்டும். மழைக்காலத்தில் அடித்தே ஆக வேண்டுமென்றால் மழை விட்ட மதியம், ரிடார்டர் தின்னர் (மெதுவாக ஆவியாகும் வகை) கொஞ்சம் கலந்து. பூத்துவிட்ட பரப்பில் ரிடார்டர் மட்டும் மிக மெல்லிய மூட்டமாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சின்னச் சின்னக் குழிகளாக, நடுவில் அடிப்பரப்பு தெரிந்தால் அது மீன்கண். சிலிக்கோன்தான் காரணம்: டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ், அல்லது அவற்றைத் தொட்ட துணி. அதே மாடியில் அன்றைக்குப் பாலிஷ் ஸ்ப்ரே யாரும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் ஹோஸ் வழியாக வந்தாலும் இதேதான். ஒரு வெள்ளைத் தாளில் வெறும் காற்றை ஊதிப் பார்த்தால் கறை காட்டிக்கொடுக்கும்.

தொட்டால் மணல் மாதிரி இருந்தால் பெயிண்ட் வழியிலேயே காய்ந்துவிட்டது. கன் தூரம், தின்னர் குறைவு, அல்லது பொருள் ஃபில்டருக்கு மிக அருகில் தொங்குகிறது. ஆரஞ்சுத் தோல் என்றால் பெயிண்ட் கெட்டி அல்லது காற்றழுத்தம் போதவில்லை. வழிசல் கை மெதுவாகப் போனதால் வருவது. தூசி மணி ஓரிரண்டு எப்படியும் விழும். ஈரத்தில் விரலால் எடுக்கப் போகாதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகு 1,500, 2,000 வாட்டர் பேப்பர், அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட்.

கழற்றும்போது

காய்ந்த என்.சி. தூள் நிமிடத்தில் பற்றி எரியும். அதே ஃபில்டரில் ஒரு நாள் என்.சி., இன்னொரு நாள் எனாமல் என்று மாற்றி மாற்றிப் படிந்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளவும் முடியும், எண்ணெய் துடைத்த துணி மூட்டை எரிவது போல. பெயிண்ட் வகை மாறினால் வெளியேற்று ஃபில்டரும் மாற வேண்டும். எடுத்த ஃபில்டர், துடைத்த துணி, தரையில் கூட்டிய தூள் எல்லாவற்றையும் மூடியுள்ள இரும்பு டின்னில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மாடி மூலையில் சுருட்டி வைக்காதீர்கள், அன்றாடக் குப்பை வண்டியிலும் உலர்ந்தபடி போடாதீர்கள். மிஞ்சிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. டின்னில் மூடி நிற்கவிட்டால் வண்டல் கீழே படியும், மேலே தெளிவது அடுத்த முறை கன் கழுவ ஆகும்.

ஷீட்டை உள்பக்கம் உள்ளேயே இருக்கும்படி சுருட்டுங்கள். பெயிண்ட் படிந்து உதிர ஆரம்பித்த ஷீட்டை மறுபடி மாட்டினால் பழைய நிறம் புதிய கோட்டில் விழும். நாலைந்து வேலைக்கு ஒருமுறை புதிது வாங்கிவிடுங்கள். நுழைவு ஃபில்டரை உதறிப் பயன்படுத்த வேண்டாம், உதறும்போது இழை தளர்ந்துவிடும். ஃபேன் போட்டும் ஷீட் முன்போல் உப்பவில்லை என்றால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பைப் சட்டங்களில் கால்களுக்கு முன், நடு, பின் என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை மாட்டும்போது கிராஸ் இருக்கும் சட்டத்தைத் தேட வேண்டியிருக்காது.